வாசல் கேட்டும் உப்புக்காற்றும்

நாகப்பட்டினம்
பங்குனி 8

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பத்து நாளாக வாசல் கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அதுதான் தாமதம். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா?

போன வருஷம் தீபாவளிக்கு அவசர அவசரமாகத் துருவின் மேலேயே எனாமல் அடித்தேனே, நினைவிருக்கிறதா? நீகூடப் பளபளப்பாக இருக்கிறது என்றாய். பொங்கலுக்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது. நகத்தால் கீறினால் உள்ளே துரு ஏடு ஏடாக வருகிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்திலேயே அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். என் கேட் எம்மாத்திரம்!

இந்த முறை பனி விடட்டும் என்று காத்திருந்தேன். முதலில் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு தரம் கழுவினேன். கடற்காற்றில் படிந்த உப்பைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால், அந்த உப்பை இரும்பிலேயே தேய்த்து ஏற்றுகிற கதைதான். காய்ந்ததும் கம்பி பிரஷ், பிறகு 80-ஆம் நம்பர் தாள், கடைசியாக 120. அடிச்சட்டம்தான் உயிரை வாங்கியது. மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி ஒரு மூலையில் விரல் நுழைகிற ஓட்டை. வெல்டரைக் கூப்பிட்டுத் துண்டு வைத்தேன்.

தேய்க்கத் தேய்க்க பிரவுன், அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் அப்பா அடித்த கிளிப்பச்சை! அதைக் கண்டதும் பேரனை உள்ளே அனுப்பிவிட்டேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பச்சையில் எவ்வளவு இருந்ததோ. தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தொட்டே தேய்த்தேன்.

முதல் நாள் ஒரு தப்பு செய்தேன். காலையில் வெள்ளி மாதிரி தேய்த்து வைத்துவிட்டு, சாப்பிட்டுக் குட்டித்தூக்கம் போட்டு எழுந்து வந்தால் அதே இடத்தில் காவி படர்ந்திருக்கிறது. கடலோரத்தில் வெறும் இரும்பை ஒரு பொழுதுகூட விடக் கூடாது போலிருக்கிறது. அப்புறம் தேய்த்த பகுதியைத் தின்னர் துணியால் துடைத்து, கையோடு ரெட் ஆக்சைடு பிரைமர், அதாவது துரு தடுக்கிற அடிப்பூச்சு, அடித்துவிட்டுத்தான் சாப்பிடவே போனேன். மேலே எனாமல் இரண்டு கோட், மெல்லிசாக, நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. அதுவும் காலை பத்தரைக்குள். அதற்குமேல் இரும்பு சுட்டால் பிரஷ் இழுக்கவே மாட்டேன் என்கிறது.

சரி, உன் மாடிக் கைப்பிடிக்கு வருகிறேன். பெயின்ட் தோல் மாதிரி உரிகிறது, அடியில் துருவே இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அது ஜிஐ பைப்பாகத்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாகத்தான் இருக்கும். எனாமலின் எண்ணெய்ப் பசை அந்தத் துத்தநாகப் பூச்சோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிப் பிடிப்பை விட்டுவிடும். கோயம்புத்தூர்க் காற்றைக் குறை சொல்லாதே. பழையதை முழுக்க உரித்துவிட்டு, ஜிஐக்கென்று இருக்கிற, துத்தநாகத்தைக் கவ்விப் பிடிக்கிற எட்ச் பிரைமரைக் கேட்டு வாங்கு. கடைக்காரர் ரெட் ஆக்சைடே போதும் என்பார். தலையாட்டாமல் வா.

சித்திரைக்கு இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். கேட்டைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளு; தாழ்ப்பாளில் பெயின்ட் தடித்துப்போய் இறுக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
ராமு