தேரி மணலில் ஓடும் தம்பிகளுக்கு

திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் விடியுமுன் ஓடிப் பழகும் தம்பிகளே,

போன வாரம் ஓட்டம் முடிந்து டீக்கடையில் ஒரு போனைச் சுற்றி நின்று, எந்த மெஷின்கன் உசத்தி என்று வாதாடிக்கொண்டிருந்தீர்கள். ஜெர்மனியின் எம்.ஜி.42 நிமிஷத்துக்கு 1,200 ரவுண்டு சுடும் என்று ஒருத்தன் சொன்னதும் மற்றவர்கள் வாயடைத்துப் போனீர்கள். கணக்கு சரிதான். பட்டாளத்தில் எல்.எம்.ஜி. என்ற இலகு மெஷின்கன் சுமந்தவன் நான். அன்றைக்கே பேச நினைத்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது.

1,200 என்றால் நொடிக்கு 20. 250 ரவுண்டு கோத்த பெல்ட் 13 நொடிகூடத் தாங்காது. விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் துப்பாக்கி ஓடும் வேகம் அது. சண்டையில் எவனும் அப்படிச் சுடுவதில்லை. நம் படையில் உள்ள எம்.ஏ.ஜி. மெஷின்கன்னையே பாருங்கள். நிமிஷத்துக்கு 650 முதல் 1,000 வரை போகும். அதே துப்பாக்கியை எம்240 என்ற பெயரில் வைத்திருக்கும் அமெரிக்கப் படையின் கணக்கு வேறு: நிமிஷத்துக்கு 100 சுட்டால் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை பேரலை, அதாவது குண்டு போகும் குழாயை மாற்று, 200 சுட்டால் 2 நிமிஷத்துக்கு ஒருமுறை, விடாமல் சுட்டால் ஒவ்வொரு நிமிஷமும். மாற்றாவிட்டால் சூட்டில் பேரலின் உள்வரிகள் தேய்ந்து, குறி சிதறிப்போகும். 100 ரவுண்டு பெல்ட்டே ஏறக்குறைய 3 கிலோ. மலையேறும்போது அதைச் சுமக்கிறவனிடம் வேகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பழைய பிரென் எல்.எம்.ஜி. நிமிஷத்துக்கு 500 சொச்சம்தான். மெதுவானது என்று அதை யாரும் ஒதுக்கவில்லை. 7.62 மி.மீ. ரவுண்டுக்கு மாற்றி நம் படை வெகுகாலம் வைத்திருந்தது. மூன்று நான்கு ரவுண்டாக விட்டுவிட்டுச் சுட்டால் சொன்ன இடத்தில் விழும்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ராஜஸ்தான் மணலில் ஃபீல்டு ஃபயரிங், அதாவது வெட்டவெளியில் சுடும் பயிற்சி. நிறைய எண்ணெய் விட்டால் நன்றாக ஓடும் என்று முந்தின ராத்திரி எல்.எம்.ஜி.யின் பிஸ்டன் சொட்டச் சொட்ட விட்டு வைத்தேன். காலையில் இரண்டு பர்ஸ்ட் (தொடர்ந்து சில ரவுண்டு) போனது, மூன்றாவதில் நின்றுவிட்டது. பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் பிஸ்டனை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். எண்ணெயும் மணலும் புகைக்கரியும் சேர்ந்து, விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று அரைத்தது. மணல் ஊரில் பைக் செயினுக்கு எண்ணெய் வழிய விட்டால் என்ன ஆகும் என்று தேரிக்காட்டில் பிறந்த எனக்கே அன்றைக்குத் தோன்றவில்லை, தம்பிகளே. அது இன்னும் உறுத்துகிறது.

பேரலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றில், சிந்தி என்று நாங்கள் சொல்லும் 4-க்கு 2 அங்குலத் துண்டுத் துணியைக் கோத்து, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை பேரலை இழுக்க வேண்டும். பிறகுதான் எண்ணெய், அதற்குத் துணி சின்னது, 4-க்கு ஒன்றரை. சுடும்போது எழும் கேஸ் போகும் துளையில் கரி ஏறினால் பிஸ்டனைத் தள்ள வலு இருக்காது, துப்பாக்கி பாதியில் நிற்கும். சுட்டுவிட்டு வந்த அலுப்பில் படுத்துவிடாமல், அன்றைக்கே உட்கார்ந்து செய்கிற வேலை இது. அக்னிவீராகப் போனால் உங்களுக்குக் கிடைப்பது 4 வருஷம். முதல் நாளிலிருந்தே கை பழகட்டும்.

மொட்டைமாடியில் இரண்டு இரும்புக் குழாய் வைத்திருக்கிறேன். ஒன்றில் எண்ணெய் வழிய விட்டிருக்கிறேன், மற்றதில் பட்டும் படாமல் துடைத்திருக்கிறேன். ஒரு வாரம் ஆடிக்காற்று அடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். இரண்டிலும் சிந்தியை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் பழைய பட்டாளத்துக்காரன்