தம்பி கல்யாணப் பத்திரிகையில் உன் பெயர், அக்கா

அக்கா,

தம்பி உனக்கு போன் செய்திருப்பான், அதனால் பெண் யார், என்ன என்று எதுவும் எழுதவில்லை. பத்திரிகை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. உன் பெயரையும் மாமா பெயரையும் போடப்போகிறேன். இதை உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு உன் பெயர் இல்லாததை ஊரே பார்த்தது, இதையும் எல்லோரும் படிக்கட்டும்.

பதினொரு வருடம் ஆகியும் வேலூர் லாங் பஜார் பக்கம் போனால் எனக்கு அந்த அச்சகம்தான். மேஜைமேல் என் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூப். மேலே 'இயேசு மரி சூசை', அதன் கீழே 'கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்', மத்தேயு 19:6. கடைசியில் உன் பெயரும் மாமா பெயரும் ஒரே வரியில், அப்பாவைக் கேட்காமல் நானே எழுதிக் கொடுத்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் அந்த வரியை அடித்தேன். "இந்த வரிய எடுத்துட்டா இடம் காலியா நிக்குமேக்கா" என்று கம்ப்யூட்டரில் இருந்த பையன் கேட்டான், அப்புறம் அவனே இரண்டு புறாவைக் கொண்டுவந்து அங்கே வைத்தான். 500 பத்திரிகையிலும் உன் இடத்தில் அந்தப் புறாதான்.

ரிஜிஸ்டர் கல்யாணம் செய்தவள் பெயரைப் போட்டால் சாமியார் திருப்பலி வைக்கமாட்டார் என்று அப்பா சொன்னார், நம்பினேன். நம்பினேன் என்பதுகூட முழுசாக உண்மையில்லை, நம்பிவிட்டால் எனக்குச் சண்டை மிச்சம். போன வாரம் தம்பியின் கல்யாண அறிவிப்பு ஓலைக்குப் பெயர் கொடுக்கப் போனபோது பங்குச் சாமியாரிடமே கேட்டேன். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது கோவில் வேலை, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்வதற்கு. பத்திரிகை உங்கள் வீட்டு விஷயம்மா, யார் பெயரை வேண்டுமானாலும் போடுங்கள் என்றார். ஐந்து நிமிடப் பேச்சு. அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொன்னார். மாப்பிள்ளை இந்துவாக இருந்தாலும் ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோவிலிலேயே கல்யாணம் வைக்க வழி உண்டாம். அப்படியென்றால் நீயும்தானே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்? ஒரு கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய், அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது நான். அவர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது ராத்திரியும் வார்டு வாசலில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். பெங்களூர் என்ன தூரம், நாலு மணி நேரம். நான் கூப்பிடவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். அதைப் பற்றி இங்கே வேண்டாம், சித்தப்பா வீட்டில் எல்லோரும் படிப்பார்கள்.

திருப்பலி சேத்துப்பட்டு லூர்து மாதா கோவிலில். அப்பா நம்மைப் பஸ்ஸில் கூட்டிப்போவாரே, திரும்பி வரும்போது உன் மடியில் தூங்கிவிடுவேன், ஆரணி தாண்டினதும் எழுப்புவாய்.

அப்பா பெயருக்கு முன்னால் 'இறைவனில் இளைப்பாறும்' என்று டைப் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். அம்மா பெயருக்கு அடுத்த வரி உன்னுடையது, மூத்தவள் நீதானே. அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அவ பேரு எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வரட்டும்" என்றாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முன் கல்யாணம் முடியவேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். மாமாவுக்கு இனிஷியல் என்ன? இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. பசங்க பெயரையும் நீ எழுதுகிற மாதிரியே எழுதி அனுப்பு.