தை மாதத்தில் ஆள் அனுப்புங்கள்: மலைப் பள்ளிகளுக்குத் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்பும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நகரத்துக் கல்லூரிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் ஆர்வமுள்ள இளைஞர்களைத் திரட்டி, மலைக்கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்த அனுப்பிவருகிறீர்கள். அப்படி ஜவ்வாது மலைக்குப் போய், ஓர் ஊரிலேயே வீடு பிடித்துத் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவர். உங்கள் நோக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பள்ளிக்கு இருபது பேரை ஐந்து நாளுக்கு அனுப்ப ஆகும் செலவைக் கொண்டு, ஒரே ஒருவரை ஜூன் முதல் ஏப்ரல் வரை முழுக் கல்வியாண்டுக்கும் அனுப்புங்கள். அதற்கு வழியில்லையென்றால் மார்கழியிலிருந்து பங்குனி முடியும்வரையாவது அனுப்புங்கள்.

மாதத்தைக் குறிப்பிட்டுக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கும் இந்த மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்ற பெயருடைய, தமிழ் பேசும் பழங்குடியினர். ஆடியை ஒட்டி விதைக்கும் சாமை, கார்த்திகை வாக்கில் அறுவடையாகி வீடு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு மானாவாரி நிலத்தில் வேலை இல்லை, கையில் காசும் இல்லை. குடும்பங்கள் காப்பித் தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் மலையிறங்குகின்றன. சில பிள்ளைகள் பெற்றோருடன் போய்விடுகிறார்கள். சிலர் பாட்டியிடம் விடப்படுகிறார்கள். ஊரில் இருப்பவர்களும் மாசி, பங்குனியில் புளி உலுக்கவும் அதன் ஓடு தட்டவும் பெரியவர்களோடு போவார்கள். அரையாண்டுத் தேர்வுவரை வகுப்பில் இருந்த முகங்களில் பல, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது இருக்காது. உங்கள் முகாம்களோ பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் நடக்கின்றன. அப்போது பள்ளி பூட்டியிருக்கும். வெளியூர் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். பிள்ளைகள் ஆட்டம்பாட்டத்துக்குத் திரளாக வருவார்கள். அந்தத் திரளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் தன்னார்வலருக்கு, தை மாதத்து வகுப்பறை எப்படி இருக்கும் என்று தெரியவே வாய்ப்பில்லை.

நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். டிசம்பரில் எழுத்துக் கூட்டித் தட்டுத்தடுமாறியாவது ஒரு பத்தியைப் படித்து முடித்தவன். மிளகுத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்தபோது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவனுக்குக் குழம்பியிருந்தன. ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்று படித்தான். ‘கொ’வின் கடைசியில் வரும் துணைக்காலை அவன் கண் பார்க்கவேயில்லை. கழித்தல் கணக்கில் பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்குவது அறவே மறந்துபோயிருந்தது. ஆனால் அவனுடைய அப்பா வாங்கிய முன்பணம் எவ்வளவு, வாரக்கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை மட்டும் பிசகாமல் சொன்னான். அந்தப் பாக்கிக் கணக்கை நோட்டில் எழுதவைத்து, அங்கிருந்துதான் கழித்தலைத் திரும்பத் தொடங்கினோம். சத்துணவு முடிந்தபின் பள்ளித் தாழ்வாரத்தில் அவனோடு உட்கார்ந்து செய்த வேலை அது. பங்குனி வரைக்கும் நடந்தது. பக்கத்தில் உட்கார ஒருவர் தொடர்ந்து இருந்தாலொழிய இந்த வேலை நடக்காது. ஐந்து நாள் முகாமில் வருபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவன் எதை மறந்தான் என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே கிளம்பவேண்டியிருக்கும்.

அங்கேயே பணியில் இருக்கும் ஆசிரியர்களின் நிலையையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கவேண்டும். சட்டம் முழுமையாக நிறைவேறிய பள்ளியிலேயே ஐந்து வகுப்புகளை இருவர்தான் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ ஜமுனாமரத்தூர் போனால், அல்லது பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்காகச் செல்போனில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போனால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அடிவாரத்திலிருந்து பேருந்தில் வந்து, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஊர்வரை நடந்து, மழைக்காலத்தில் ஓடை இறங்கும்வரை காத்திருந்து வகுப்பெடுக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். முகாமுக்கு வந்தவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வகுப்பறையைக் கையில் எடுத்துக்கொண்டதையும் பார்த்து வருந்தியிருக்கிறேன். தன்னார்வலர் தலைமையாசிரியரின் பொறுப்பின்கீழ் மூன்றாவது ஆளாக இருக்கட்டும். காலியாகக் கிடக்கும் பணியிடத்துக்கு அவரை ஒருபோதும் ஈடாகக் காட்டாதீர்கள். அவர் இருக்கிறார் என்று சொல்லி அந்தப் பணியிடத்தை நிரப்பாமல் இழுத்தடிப்பதற்கு நீங்கள் இடம் கொடுத்தால், பிள்ளைகளுக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமையை நாமே பறிப்பதாகும்.

பாடம் நடத்தும் முறையிலும் ஒரு வேண்டுகோள். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிப்பது தனிக் கலை. அதில் தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட கற்றல் படிகளைக் காட்டும் ஏணியும், படிக்கு ஏற்ற செயல்பாட்டு அட்டையும் கொண்ட முறைதான், சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாக வந்து, செயல்வழிக் கற்றலாகத் தமிழகம் முழுவதும் பரவியது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், பிள்ளைகளை வயதைப் பார்த்துப் பிரிக்காமல், கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் பயிற்சிநூல் தந்தது. பள்ளி அலமாரியில் இருக்கும் இவற்றைத் திறந்துகூடப் பாராமல், நகரத்தில் அச்சடித்த ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களோடு வந்து இறங்குவது, வருபவரின் உழைப்பையும் பிள்ளைகளின் நேரத்தையும் வீணாக்குகிறது. ஒவ்வொரு குழுவும் முதல் நாள் பெயர் கேட்டு, இரண்டாம் நாள் ‘அ, ஆ’ தொடங்கி, மூன்றாம் நாள் சுவரில் வண்ணம் பூசிவிட்டுப் போகிறது. முன்னால் வந்தவர்கள் எதை எதுவரை நடத்தினார்கள் என்பதற்கு எழுத்து ஒன்றும் இருப்பதில்லை. பள்ளியில் நிரந்தரமாக ஒரு நோட்டு இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அது எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று எழுதி, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை உங்கள் விதியாகவே வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் சொற்பொழிவுக்கென்று ஒரு நாளை ஒதுக்குகிறீர்கள். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்த பிறகு, எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே போதுமாக இருக்கிறது. அவர்களுக்கு ஆசை குறைவில்லை. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ கணக்குப் பாடம் இடையில் அறுந்துபோகாமல் இருப்பதும், உண்டு உறைவிடப் பள்ளி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த பெண் திரும்பிப் போவதற்குள் கல்யாணப் பேச்சு எழாமல் இருப்பதும்தான் அவர்களுக்கு வேண்டும். கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அப்பாவிடமும் தாய்மாமனிடமும் பேசும் உரிமை ஒருவருக்கு வேண்டும். ஊரோடு ஓர் ஆண்டாவது பழகியவருக்குத்தான் அந்த உரிமை கிடைக்கும்.

இன்னும் சிறந்த வழியொன்றும் உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்பெடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மலையிலும் பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க வழியில்லாமல் வீட்டோடு இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் அனுப்புபவர் அவர்களில் ஒருவரோடு சேர்ந்து வகுப்பெடுக்கட்டும். உங்கள் நிதியில் ஒரு பகுதி அந்தப் பெண்ணுக்கு மாதந்தவறாமல் போகட்டும். வெளியூர்க்காரர் போன பிறகும் அவர் அங்கேயே இருப்பார். பெற்றோர் வேலைக்குப் போகும் தேதி, எந்தப் பிள்ளையைப் பாட்டியிடம் விடப்போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரியும். பெற்றோரிடம் முறை சொல்லி, “பிள்ளையை விட்டுட்டுப் போங்க சித்தப்பா, நாங்க பாத்துக்கறோம்” என்று அவரால் சொல்லமுடியும், என்னால் முடிந்ததில்லை.

அனுப்புபவர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். பிள்ளைகளின் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். தங்குபவர் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்துத் தங்கட்டும். விருந்தாளிக்கென்று கோழி அடிக்கும் வீடுகள் அவை, அந்தக் கோழியின் விலை அவர்களுக்குப் பெரிது.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே வட்டாரக் கல்வி அலுவலரையும் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரையும் சந்தித்து, எந்த ஊருக்கு ஆள் தேவை, எந்த மாதத்தில் தேவை என்று கேளுங்கள். கேட்ட பிறகு, நூறு பேருக்குப் பதிலாக ஐந்து பேரை மட்டுமே அனுப்ப முடிந்தாலும் அந்த ஐந்து பேரையே அனுப்புங்கள். அவர்களுக்கு மலையேறும் முன் பயிற்சி தருவதற்கு என் நேரத்தைத் தர அணியமாக இருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஜவ்வாது மலையில் பணியாற்றிய தன்னார்வ ஆசிரியர் ஒருவர்