ஊசியில் வருவதும் வராததும்

புரசைவாக்கம், சென்னை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே இடம் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே மெட்ரோ வேலையில் ஆட்டோ பிடிப்பதே பெரும்பாடு. லேபுக்கு நடந்தே போகிறேன். சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தொடைக் கட்டியில் ஊசி குத்தி, உறிஞ்சிய செல்களை எங்கள் பேத்தாலஜி லேபுக்கு அனுப்பினால், நாங்கள் 'ஸ்பிண்டில் செல் லீஷன்' (நீள்வடிவ செல்கள் கொண்ட கட்டி) என்று மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்கிறோமாம். திட்டிக்கொள். 23 கேஜ் என்கிற மெல்லிய ஊசியில் வருவது பெரும்பாலும் உதிரி செல்கள்தான்; அவை திசுவில் எப்படி அடுக்கியிருந்தன என்பது கட்டியோடே நின்றுவிடுகிறது. நரம்புறையில் வரும் சாதுவான கட்டி ஷ்வானோமா, புற்றுநோயான சைனோவியல் சார்கோமா இரண்டிலுமே ஸ்மியரில் (ஸ்லைடில் தடவிப் பார்ப்பதில்) நீள நீளமான செல்கள் வரும். கூடுதலாக ஒருமுறை ஊசி குத்தி எடுத்து செல் பிளாக்குக்கு (செல்களைத் திரட்டி மெழுகில் பதிப்பது) அனுப்பினால், இம்யூனோ (செல்லில் உள்ள புரதங்களைக் காட்டும் சாயச் சோதனை) போட்டுப் பிரித்துவிடலாம். ஷ்வானோமாவில் எஸ்-100 என்கிற புரதத்துக்கான சாயம் பளிச்சென்று பிடிக்கும். ஊசி நுழைந்ததும் பாதம்வரை சுரீரென்று இழுக்கிறது என்று நோயாளி துள்ளினாரா? நரம்புக் கட்டியாக இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். அதையும் ஃபார்மில் எழுது, எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஊசி கைகொடுக்கும் இடமும் உண்டு. போன மாதம் ஒரு இளைஞர் வந்தார். முன்கையில் மூன்றே வாரத்தில் வளர்ந்த கட்டி, தொட்டால் வலி. சார்கோமா என்று யாரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ஸ்மியரைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும்: ஏகப்பட்ட செல்கள், மைட்டோசிஸ் (செல் பிரிதல்) வேறு. ஆனால் ஒன்றுகூட அசாதாரண மைட்டோசிஸ் இல்லை. நடுநடுவே கேங்லியான் செல் (நரம்பு முடிச்சு செல்) மாதிரி பெரிய செல்கள், மிக்ஸாய்டு (கூழ் போன்ற) பின்னணி. நோடுலர் ஃபாஸைடிஸ். தானாகவே அடங்கும் சமாச்சாரம். கத்தி வைக்காமல் சில வாரம் பார்க்கச் சொன்னேன். இப்போது தடவித் தேட வேண்டியிருக்கிறது.

கொழுப்புக் கட்டியில் மட்டும் ஜாக்கிரதை. தோலுக்கடியில் சின்னதாக இருந்தால் ஊசியே போதும். தசைக்குள் ஆழத்தில் பெரிதாக இருந்தால், முதிர்ந்த கொழுப்புதான் வந்திருக்கிறது என்று நான் எழுதினாலும் நம்பாதே. வெல் டிஃபரன்ஷியேட்டட் லைப்போசார்கோமா என்கிற கொழுப்புப் புற்றும் அதே வேஷத்தில் வரும். முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பது). அந்தப் புற்றில் பெருகியிருக்கும் எம்டிஎம்2 ஜீனையும் பார்க்கச் சொல். கோர் எடுக்கும் பாதையைப் பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிறவரைக் கேட்டு முடிவு செய்.

இன்னொன்று, உன் ஆட்கள் ஸ்லைடு அத்தனையையும் ஆல்கஹாலில் முக்கி அனுப்புகிறார்கள். பாதியைக் காற்றில் உலர்த்தச் சொல். மிக்ஸாய்டு பொருள், உலர்த்திய ஸ்லைடுக்குப் போடும் ஜீம்சா சாயத்தில்தான் மெஜந்தா நிறமாக எடுத்துக் காட்டும்.

பொங்கலுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
கண்ணன்