மாலதிக்கு, ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுத் தலைநகர் லிலாங்வேயிலிருந்து

அன்புள்ள மாலதி,

நலம், நலமறிய ஆவல். பேத்தி பிறந்த சேதி படித்து ரொம்ப சந்தோஷம். முட்டி வலிக்கு இன்னும் டாக்டரிடம் போகவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு இங்கிருந்தே உன்னைத் திட்டினேன். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பள்ளி டீச்சர்கள் பணமும் பழைய துணியும் சேர்த்து, மலாவியில் ஏதாவது அனாதை இல்லத்துக்கு அனுப்ப நினைக்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் துணி வேண்டவே வேண்டாம். வெள்ளைக்காரர்கள் உடுத்திக் கழித்ததெல்லாம் இங்கே 'கவுன்ஜிக்கா' என்று சந்தையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. என் ஸ்வெட்டரே அதில் பொறுக்கியதுதான்!

அனாதை இல்லமும் வேண்டாம் என்பேன். கோபப்படாமல் கேள். எய்ட்ஸ் இந்த ஊரை ஒரு தலைமுறை வாட்டி எடுத்தது. 2004-ல் அரசு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் நடுத்தலைமுறையே போய்விட்டது. பேரப்பிள்ளைகளை வளர்த்ததெல்லாம் பாட்டிமார்தான். இல்லங்களும் அப்போது நிறைய முளைத்தன. இப்போது அவற்றில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்த ஒன்றில் ஒரு பையன், அம்மா சந்தையில் தக்காளி விற்கிறாள் என்றான். அப்புறம் இங்கே ஏண்டா இருக்கிறாய் என்றால், இங்கே மூன்று வேளையும் சாப்பாடு என்கிறான். வெளிநாட்டுக்காரர் யாராவது வந்தால் வரிசையில் நின்று பாட வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாமைதான் காரணமென்றால் உதவி அந்தத் தக்காளிக்காரியின் வீட்டுக்கல்லவா போக வேண்டும்?

அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். சாம்பியா எல்லைப் பக்கம் ம்சின்ஜி என்று ஒரு மாவட்டம். உழைக்கத் தெம்புள்ள ஆள் இல்லாத பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் கையில் பணம் கொடுக்கும் திட்டத்தை அரசு 2006-ல் அங்கேதான் தொடங்கியது; யுனிசெப்பும் துணை நின்றது. கிழவி குடித்துத் தீர்த்துவிடுவாள் என்று பேசியவர்கள் உண்டு. கிழவிகள் சோளமாவு வாங்கினார்கள், நோட்டு வாங்கினார்கள், இரண்டு கோழி வாங்கி விட்டார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது.

இன்னொன்று பள்ளிக்கூடக் கஞ்சி. நான் வாரத்தில் ஒரு நாள் போகிறேன் என்று எழுதியிருந்தேனே, அதேதான். 2002 பஞ்சத்தின்போது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் 'மேரிஸ் மீல்ஸ்' அமைப்பு 200 குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. இன்று மலாவியில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். அதே மாதிரி ஊற்றுகிற பள்ளி ஒன்று எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம். விடியுமுன்னே நாலைந்து பெண்கள் வந்துவிடுவார்கள், பாதிப்பேர் முதுகில் குழந்தையோடு. சோளமும் சோயாவும் அரைத்துச் சத்து சேர்த்த மாவு. துடுப்பு மாதிரி ஒரு கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்ட வேண்டும்; விட்டால் அடிப்பிடிக்கும். நான் ஒரு தரம் கிண்டிப் பார்த்தேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பையோடு வருவார்கள். கோப்பை இல்லாததுகள் அடிவெட்டிய எண்ணெய் கேனோடு வரும். குடித்துவிட்டு விரலால் வழித்து நக்கும் சத்தம் இருக்கிறதே!

இப்போது பிப்ரவரி. போன வருஷச் சோளம் தீர்ந்து, புதுசு ஏப்ரலில்தான் வீட்டுக்கு வரும். இந்த மாதங்களில் பல பிள்ளைகளுக்கு இந்தக் கஞ்சிதான் உறுதியான ஒரு வேளை. 1994-லேயே தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே வகுப்பில் நூறு பேருக்கு மேல்கூட உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்தாலும் வயிறு காய்ந்தால் எழுத்து எங்கே ஏறும்? உங்கள் அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்தவர், உனக்கு நான் சொல்ல வேண்டுமா.

எனக்கு ஒரு குறை உண்டு. சமைக்கிற பெண்களுக்குச் சம்பளம் கிடையாது, முறை வைத்து வருகிறார்கள். நம் ஊர் ஆயாக்களுக்குக் குறைச்சலாகவாவது வருகிறது. ஊர் தானாகச் செய்கிறது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள், நிஜம்தான். ஆனால் களையெடுப்பை விட்டுவிட்டு வருகிறவளுக்கு அந்தப் பெருமையை வைத்து உப்புகூட வாங்க முடியாது. இதை அங்கே சொன்னேன், தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்குத் தண்ணீர் 'அஃப்ரிடெவ்' என்கிற வகைக் கைப்பம்பிலிருந்து. ஒரே ஸ்பேனரை வைத்து, ரப்பர் வாஷரை ஊர்ப் பெண்களே கழற்றி மாற்றிவிடலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு, குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று 'பிளேபம்ப்' ஒன்றைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14,000 டாலர் செலவில் ஆப்பிரிக்கா முழுக்க நட ஆரம்பித்தார்கள். 2006-ல் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் நன்கொடை அறிவிப்பு வேறு. மலாவியில் நன்றாக ஓடிய கைப்பம்பைப் பிடுங்கிவிட்டுக்கூட வைத்தார்கள். பிள்ளைகள் எத்தனை நேரம்தான் சுற்றும்? கடைசியில் அந்த இரும்புச் சக்கரத்தைக் குனிந்து தள்ளியது பெண்கள்தான். பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் இல்லை. நாலைந்து வருஷத்தில் எல்லாம் ஓய்ந்தது.

ஆகவே, உங்கள் பணத்துக்கு என் யோசனை இதுதான். மாவு அமைப்பிலிருந்து வந்துவிடுகிறது. சமையல் கொட்டகைக்குச் செங்கல் ஊர்க்காரர்களே அறுத்துச் சுட்டுச் சுவரும் எழுப்பிவிட்டார்கள்; மேலே தகரம் போடத்தான் காசில்லை. மழையில் விறகு நனைந்து, புகையில் கண்ணெரிய நிற்கிறார்கள். தகரமும், பம்புக்கு ஒரு செட் உதிரியும், மிச்சமிருந்தால் கோப்பைகளும். பள்ளிக் கமிட்டியிடம் ரசீது வாங்கி அனுப்புகிறேன். உங்கள் டீச்சர்கள் போட்டோ கேட்டால் கூரையைத்தான் எடுத்து அனுப்புவேன், பிள்ளைகளை அல்ல; முன்கூட்டியே சொல்லிவிடு.

பணம் அனுப்பும் முறையை உன் தம்பி பேங்கில் விசாரித்துச் சொல்லட்டும். 2023 நவம்பரில் இந்த நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பை ஒரேயடியாக 44 சதவீதம் குறைத்ததிலிருந்து கடையில் இன்றைய விலை நாளைக்கு இல்லை. தகரம் வாங்குவதென்றால் சீக்கிரம் வாங்க வேண்டும். முட்டியைக் காட்டிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துப் பதில் போடு.

உன்,
சாரதா