சராசரி வாடகை வீட்டோட சாவி யார்கிட்ட இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, கோட்டையூர்ல இருந்து வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம சென்னையில காலேஜ் பக்கத்து வாடகை நிலவரம்னு அரைப் பக்கத்துக்கு கட்டம் கட்டி கலர் கலரா போட்டிருந்தீங்க. அதுல கடைசியில ஒரு வரி, கொஞ்சம் தள்ளிப் போய் தேடுனா சராசரி வாடகையிலேயே வசதியான வீடு கிடைக்கும்னு. நான் மாவு சலிச்சுக்கிட்டு இருந்தப்பதான் படிச்சேன். சல்லடைய கீழ வச்சுட்டு இன்னொரு தடவ படிச்சேன். இத எழுதுன தம்பிக்கு சொந்த வீடு இருக்கும்னு நெனைக்கிறேன், நல்லா இருக்கட்டும்.

நான் கல்யாண வீடுகளுக்கு பலகாரம் போட்டுக் குடுக்கிறவ. வெல்லப் பாகுல போடுற மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம். என் மக கிண்டி பக்கம் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. அவள சேர்க்கிற சமயம் நானும் எங்க வீட்டுக்காரரும் அவளக் கூட்டிக்கிட்டு விடிகாலை பல்லவன் ரயில்ல ஏறிப் போயி அஞ்சு நாள் வீடு தேடுனோம், அவ கூட சேர்ந்த ரெண்டு புள்ளைங்களும் சேர்ந்து ஒரு சின்ன வீடா எடுத்து பொங்கித் தின்னுக்கலாம்னு கணக்கு.

வேளச்சேரியில ஒரு வீடு, ஒரு பெட்ரூம், 16,000. அட்வான்ஸ் பத்து மாசம். எங்க வீட்டுக்காரரு சட்டத்துல மூணு மாசம்தானேன்னு மெதுவா கேட்டாரு. 2017ல போட்டு 2019ல அமலுக்கு வந்த அந்த வாடகைச் சட்டத்தப் பத்தி அவருக்கு சொன்னதே உங்க பேப்பர்தான். வீட்டு ஓனர் சிரிச்சுக்கிட்டே, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்புக்கிட்டா அது செல்லாது சார்னுட்டாரு. விசாரிச்சா சட்டத்துலயே அப்படி ஒரு ஓட்டை இருக்காம். அத மட்டும் நீங்க போட மறந்துட்டீங்க போல. கரண்டுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூவா. வீட்டுக்கு ப்ரீன்னு கவர்மெண்ட் குடுக்குற யூனிட்டு யாரு கணக்குல போகுதுன்னு கேக்கல, கேட்டா அந்த வீடும் போயிரும்.

அதுவும் போச்சு, அது வேற கதை. எந்த ஊருன்னாரு, காரைக்குடி பக்கம்னேன். மொகம் அப்படியே மலர்ந்துச்சு, ஆஹா செட்டிநாட்டுச் சாப்பாடுன்னா எனக்கு உசுரும்மா, ஞாயித்துக்கெழமையானா மெஸ்ஸுலதான்னாரு. அடுத்த மூச்சுலயே, ஆனா நம்ம வீட்ல கவிச்சி சமைக்கக் கூடாது, அப்புறம் பொம்பளப் புள்ளைங்க மூணு பேரு தனியாவா, இல்லம்மா நாங்க பேமிலிக்குத்தான் விடுறதுன்னுட்டாரு. எங்க ஊரு கோழிக் குழம்பு வேணும், எங்க ஊரு புள்ள வேணாம்.

கடைசியில சைதாப்பேட்டையில லேடீஸ் ஹாஸ்டல். நாலு பேருக்கு ஒரு ரூம், சாப்பாட்டோட மாசம் 9,500. அதுக்கு கிடைக்கிறது ஒரு கட்டிலு, ஒரு அலமாரியில பாதி. முன்பணம் 15,000, காலி பண்ணும்போது அதுல 3,000 பிடிச்சுக்குவாங்களாம், எதுக்குன்னா மெயின்டனன்ஸ். மே மாசம் முழுக்க புள்ள இங்க என் கூட சீடை உருட்டிக்கிட்டு இருந்தா, அதுக்கும் கட்டிலப் பிடிச்சு வைக்க பாதிக் காசு. நடுவுல ஒரு மாசம் ஜிஎஸ்டின்னு வேற சேர்த்து பில்லு வந்துச்சு. மாசம் 20,000 வரைக்கும் 3 மாசம் தொடர்ந்து தங்கினா வரி கிடையாதுன்னு 2024லேயே சொல்லிட்டாங்களேன்னு என் மக போன்ல எடுத்துக் காட்டுன பொறகுதான் எடுத்தாங்க. ஒரு கிலோ மனகோலம் போட்டா செலவு போக என் கையில நிக்கிறது 80 ரூவா. ஒரு கட்டிலுக்கு மாசம் 120 கிலோ கிட்டத்தட்ட. தீபாவளி வருஷத்துக்கு ஒரு தடவதான் வருது.

சராசரின்னா என்னன்னு எனக்கும் கொஞ்சம் தெரியும், பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அடையாத்துக்கு அந்தக் கரை கோட்டூர்புரம், இந்தக் கரை சைதாப்பேட்டை. ரெண்டு வாடகையையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஆத்துக்கு நடுவுலதான் படுக்கணும். 2015 டிசம்பர்ல அந்த ஆறு எப்படி வந்துச்சுன்னு நான் உங்களுக்கு சொல்லணுமா?

எழுத ஆரம்பிச்சதால சொல்லிர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளி மலர்ல மனகோலம் படத்தப் போட்டு கீழ முறுக்குன்னு எழுதுனீங்க, அப்பவே லெட்டர் போட்டேன், வரல. அதுக்கப்புறம் எங்க பக்கத்து பெரிய வீடுகளப் பத்தி பக்கம் பக்கமா போட்டீங்க, பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல்லு, ஒரு ராத்திரிக்கு டூரிஸ்டுக்கு எவ்வளவுன்னு ரேட்டோட. அந்த ரேட்டு மட்டும் எவ்வளவு கரெக்டா போட்டீங்க!

அதே மாதிரி ஒரு வீட்டுக்கு போன தையில பலகாரம் போடப் போனேன். வளவு, அதான் நடு முத்தம், அதச் சுத்தி ரூமு, ரூமுக்கு ஒரு பங்காளி, பங்காளிக்கு ஒரு பூட்டு. வருஷத்துல ரெண்டு நாள் தெறந்தா பெருசு. மனசு கேக்காம, ஆச்சி இதுல ஒரு ரூம தூக்கிட்டுப் போயி சைதாப்பேட்டையில வச்சா என் புள்ளைக்கு ஆவும்னேன். அவங்க சிரிச்சுட்டு, எம் பேரனும் அதே மெட்ராஸ்ல நாலு பேரோட ஒரு ரூம்லதான் கெடக்கான், நீ எண்ணெய் காஞ்சிருச்சான்னு பாருன்னாங்க.

எங்க கோட்டையூர்ல பொறந்த அழகப்பச் செட்டியார்தான் 1944ல அந்த கிண்டியில ஏ.சி. டெக்குங்கிற இன்ஜினியரிங் காலேஜ் வர்றதுக்கு காசு குடுத்தாரு. இங்க காரைக்குடியில சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாரு. அவரு ஏக்கர்ல குடுத்தாரு, நாங்க அடிக்கணக்குல வாடகை குடுக்குறோம்.

சரி, நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ அந்தக் கட்டத்தப் போடும்போது அட்வான்ஸுக்கு ஒரு வரிசை, கட்டிலுக்கு ஒரு வரிசை சேருங்க, எடம் இல்லன்னா கலர குறைச்சுக்கலாம். அந்தத் தம்பி பாத்த வசதியான வீட்டு அட்ரஸ் இருந்தா அதையும் அனுப்பி விடுங்க, ஜூன்ல மூணாவது வருஷம் ஆரம்பிக்குது. என் பேரு போட வேணாம், ஹாஸ்டல்ல உங்க பேப்பர்தான் வாங்குறாங்க.

இப்படிக்கு,
வாசகி, கோட்டையூர்