தண்ணீர் குடிக்க மறுத்த பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கோடை விடுமுறைக் கட்டுரையில், இந்தக் காலத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக மனமில்லை, செல்போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. இருபது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது. படித்ததும் மனசு வலித்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது புளியோதரை கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு கிளம்பிவிடுவோம். கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு என்னும் குகையருகே பாறையில் செதுக்கிய மகாவீரரைப் பார்த்திருக்கிறார்கள். அரிட்டாபட்டிக் குகையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளைப் பார்த்த பையன், வீடு வந்து சேரும்வரை காரின் கண்ணாடியில் விரலால் எழுதிக்கொண்டே வந்தான். 2022 நவம்பரில் அந்த ஊர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானபோது நீங்கள் போட்ட செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான். எங்களுக்கா மனமில்லை?

போன மே மாதம் ஓர் அருவிக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒன்பது வயது மகள் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்துவிட்டது. கேட்டால், "குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா, அங்க பாத்ரூம் இருக்காது" என்றாள். கடைசியில் அடக்க முடியாமல் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் துண்டை விரித்து மறைத்து நின்றேன். எழுந்து திரும்பும்போது உடைந்த பாட்டில் சில்லு குதிகாலில் ஏறிவிட்டது. மூன்று தையல். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும், "நான் ஆச்சி வீட்டுல இருக்கேன்" என்கிறாள். அங்கே அவள் கையில் இருப்பது செல்போன்தான்.

பையனுக்குக் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க ஆசை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலைக்காட்டுத் தீயில், மலையேறப் போனவர்களில் அத்தனை உயிர்களைப் பறிகொடுத்த பிறகு காட்டுக்குள் கட்டுப்பாடு வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். ஆனால் ஊரை ஒட்டி ஒரு கண்மாய்க்கரையில், வேலி போட்டு, காவலுக்கு ஆள் வைத்து, எங்களைப் போன்ற குடும்பங்கள் தங்க ஓர் இடம் கூடாதா? மொட்டை மாடியில் அப்பாவின் வேட்டியைக் கட்டிப் படுத்துக்கொள்கிறான். பள்ளியில் சுற்றுலா என்றால் வருடா வருடம் தீம் பார்க்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி சுற்றுலா இடங்களின் பட்டியல் போடும்போது, அங்கே கழிப்பறை இருக்கிறதா, குடிநீர் இருக்கிறதா என்று நேரில் பார்த்து ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை